‘இன் எ மினிட்’ என்றால் எத்தனை நிமிடம்?

ஷெஃபீல்டில் நான் குடியேறிய முதல் டிசம்பரில் வீட்டைச் சூடேற்றும் பாய்லர் நின்றுபோனது. வீட்டை வாடகைக்கு விட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பரிவாகப் பேசினார், முகவரியைக் குறித்துக்கொண்டார், ‘சம்ஒன் வில் பி இன் டச் ஷார்ட்லி’ என்று சொல்லிவிட்டு வைத்தார். ‘ஷார்ட்’ என்றால் குட்டை, குறுகல். ஆக, மிஞ்சினால் அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். கடைக்குக்கூடப் போகாமல், கோட்டைக் கழற்றாமல், போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம்தான் அழைப்பு வந்தது. அழைத்தவர் தாமதத்துக்கு வருத்தம் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது தாமதமே இல்லை என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் விளங்கியது. ‘ஷார்ட்லி’ என்ற சொல்லுக்குள் எண் எதுவும் கிடையாது. ‘உங்களை மறக்கவில்லை’ என்பதுதான் அதன் பொருள்.

ஆங்கிலம் பேசுபவர்களின் நேரச் சொற்களும் தூரச் சொற்களும் இரண்டு வகை. ஒன்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது. இன்னொன்று எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. வந்த புதிதில் நாம் முகத்தைப் பார்த்துச் சொன்னதைக் கடிகாரத்தில் தேடுகிறோம். கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதையோ பேச்சுவழக்கு என்று விட்டுவிடுகிறோம். முதல் தவறு அரை நாளைத் தின்னும். இரண்டாவது தவறு பணத்தையும் சில நேரம் வேலையையும் தின்னும்.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதல்ல. நம் வீட்டில் ஒருவர் “இதோ வந்துட்டேன்” என்கிறார். இறந்தகாலத்தில் சொல்கிறார், ஆனால் இன்னும் சட்டைகூட மாட்டவில்லை. கேட்பவருக்குக் குழப்பமே வருவதில்லை, ஏனென்றால் அது வருகையைப் பற்றிய தகவல் இல்லை என்று தமிழ்க் காதுக்குத் தெரியும். அதே காதை ஆங்கிலத்துக்கும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

முகம் பார்த்துச் சொல்லும் சொற்கள்

‘இன் எ மினிட்’, ‘ஜஸ்ட் எ செகண்ட்’, ‘ஒன் மொமென்ட்’, ‘வோன்ட் பி எ டிக்’, ‘இன் எ ஜிஃபி’. இவை எல்லாம் ஒரே குடும்பம். ‘கேட்டுக்கொண்டேன், கொஞ்சம் பொறுங்கள்’ என்பதற்கு மேல் இவற்றில் எதுவும் இல்லை. தாய் குழந்தையிடம் ‘இன் எ மினிட்’ என்றால் ‘இப்போது இல்லை’ என்று பொருள். தொலைபேசியில் ஒருவர் ‘பேர் வித் மி’ என்றால் அவர் கணினியில் எதையோ தேடுகிறார். பேச்சை நிறுத்தி அவரைத் தேட விடுங்கள்.

இவற்றில் சில ஒரு காலத்தில் உண்மையான அளவைகளாக இருந்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இடைக்கால ஐரோப்பாவில் ‘மொமென்ட்’ என்பது ஒரு மணி நேரத்தில் நாற்பதில் ஒரு பங்கு. நிழற்கடிகாரத்தின் மணி நேரம் கோடையில் நீண்டும் குளிர்காலத்தில் சுருங்கியும் போகும், ஆகவே ஒரு மொமென்ட் சராசரியாக 90 விநாடி. ‘மினிட்’ என்பது லத்தீனில் ‘முதல் சிறு கூறு’ என்ற தொடரிலிருந்தும், ‘செகண்ட்’ என்பது ‘இரண்டாம் சிறு கூறு’ என்ற தொடரிலிருந்தும் வந்தவை. மணியை அறுபதால் வகுத்தது முதல் கூறு, அதை மறுபடி அறுபதால் வகுத்தது இரண்டாம் கூறு. நம் ‘நொடி’யும் அப்படித்தான். விரலை நொடிக்கும் நேரத்தையும் கண் இமைக்கும் நேரத்தையும் தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாக வைத்தது. இன்று “ஒரு நொடி இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர் எப்போது வெளியே வருவார் என்று யாரும் அளப்பதில்லை. அன்றாடம் புழங்கும் அளவை எல்லா மொழியிலும் இப்படித் தேய்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு வாக்கியத்திடம் மட்டும் கவனமாக இருங்கள். மேலாளர் உங்கள் மேசை அருகே வந்து ‘ஹாவ் யூ காட் எ மினிட்?’ என்று கேட்கிறார். ஒரு நிமிடத்தில் முடியும் என்று நினைத்து நின்றபடியே தலையாட்டாதீர்கள். அலுவலகங்களில் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் கால் மணி நேரப் பேச்சு இருக்கிறது, சில நேரம் கதவு சாத்திய அறையில். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போங்கள். உண்மையிலேயே நேரம் இல்லையென்றால், ‘கேன் இட் வெயிட் டில் த்ரீ?’ என்று ஒரு மணியைச் சொல்லிக் கேட்கலாம். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘ஐ ஹாவன்ட் சீன் யூ ஃபார் ஏஜஸ்’ என்பதும் இந்த வகையே. ‘ஏஜஸ்’ என்பது யுகங்கள். ஆனால் மூன்று வாரம் பார்க்காதவரிடமும் சொல்வார்கள், “பாத்து எவ்ளோ நாளாச்சு” என்று நாம் சொல்வதைப்போல. ‘இல்லையே, போன மாதம்தானே பார்த்தோம்’ என்று திருத்த வேண்டாம்.

சரி, எண் தேவைப்படும்போது என்ன செய்வது? அன்று அந்த அலுவலகப் பெண்ணிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: ‘இஸ் தட் லைக்லி டு பி டுடே ஆர் டுமாரோ?’ இன்றா, நாளையா? ‘வென்?’ என்று மொட்டையாகக் கேட்டால் மறுபடியும் ‘ஆஸ் சூன் ஆஸ் வி கேன்’ என்ற காற்றுதான் வரும். இரண்டு விடைகளைக் கையில் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொன்னால் ஆங்கிலேயர் எடுத்துவிடுவார். பல ஆண்டு பழக்கத்தில் இதைவிடப் பயனுள்ள உத்தியை நான் கண்டதில்லை.

முன்னே பின்னே

எண்ணைச் சொல்லிவிட்டு அதை லேசாகக் குலைக்கும் சொற்கள் அடுத்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழில் அச்சாகச் சொல் இருக்கிறது, மனப்பாடமே தேவையில்லை. ‘ட்வென்டி ஆட் இயர்ஸ்’ என்றால் இருபது சொச்சம் வருடம். ‘ஆட்’ என்பதற்கு ‘விசித்திரம்’ என்ற பொருளும் உண்டு, அது இங்கே இல்லை. ‘செவன்இஷ்’ என்றால் ஏழு மணி வாக்கில். ‘கிவ் ஆர் டேக்’ என்றால் முன்னே பின்னே. ‘ஆன் அவர், கிவ் ஆர் டேக்’ என்பது ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும் என்பதுதான்.

இரண்டு தொடர்கள் மட்டும் நம்மை ஏமாற்றும். ‘தி பெஸ்ட் பார்ட் ஆஃப் ஆன் அவர்’ என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு மணி நேரத்தில் இனிமையான பகுதி என்று பொருள் இல்லை. முக்கால்வாசி மணி நேரம், கிட்டத்தட்ட முழு மணி என்று பொருள். ‘ஐ வெயிட்டட் தி பெஸ்ட் பார்ட் ஆஃப் ஆன் அவர்’ என்பது புகார். ‘ஓ, நல்லது’ என்று சிரித்துவிடக் கூடாது. அமெரிக்கர்கள் இதையே ‘தி பெட்டர் பார்ட்’ என்பார்கள். ‘எ குட் அவர்’ என்பது இதற்கு மறுபக்கம்: ஒரு மணிக்குக் குறையாது, கூடவே ஆகும். ‘இட்ஸ் எ குட் அவர் ஃப்ரம் ஹியர்’ என்று வழி சொன்னால் எழுபது எண்பது நிமிடம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

‘கப்பிள்’ பற்றி ஆங்கிலம் பேசுபவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. இரண்டு என்றால் இரண்டுதான் என்பார் ஒருவர், இரண்டோ மூன்றோ என்பார் இன்னொருவர். ‘எ ஃபியூ’ அதைவிடக் கொஞ்சம் கூட. ‘செவரல்’ இன்னும் கொஞ்சம். ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்று பழுதுபார்க்க வருபவர் சொன்னால் இரண்டாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், நாளைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழின் வேற்றுமை உருபே வழிகாட்டி

நம்மவர்கள் ஆங்கிலத்தில் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’, ‘பிஃபோர் டூ இயர்ஸ்’ என்று சென்னை அலுவலகங்களில் தினமும் கேட்கலாம். நம்மவர்களுக்குள் பேசும்போது பொருள் கெடுவதில்லை, அதனால் திருத்துவாரும் இல்லை. ஆனால் லண்டனிலோ டொரன்டோவிலோ நேர்காணலில் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

இலக்கணப் புத்தகங்கள் ‘காலப்புள்ளி’, ‘காலநீட்சி’ என்று பக்கம் பக்கமாக விளக்கும். அது நமக்குத் தேவையில்லை. விடை நம் வாயிலேயே இருக்கிறது. “ரெண்டு வருஷமா இருக்கேன்” என்கிறோம். ஆண்டைச் சொல்வதென்றால் “2019லேருந்து இருக்கேன்” என்கிறோம். “ரெண்டு வருஷத்துலேருந்து” என்று நாம் பொதுவாகச் சொல்வதில்லை. அந்த ‘ஆ’தான் ஆங்கில ‘ஃபார்’. அந்த ‘இலிருந்து’தான் ‘சின்ஸ்’. ஆகவே ‘ஃபார் டூ இயர்ஸ்’, ‘சின்ஸ் 2019’. வாக்கியத்தை முதலில் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘ஆ’ வந்தால் ‘ஃபார்’, ‘இருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. நான் கற்றுக்கொடுத்த செவிலியர்கள் ஒரே மாலையில் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

‘அகோ’வும் அப்படியே. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி” என்பதில் ‘முன்னாடி’ எண்ணுக்குப் பின்னால் நிற்கிறது. ஆங்கிலத்திலும் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் சொல்லை எடுங்கள்: ‘டூ இயர்ஸ் அகோ’. எண்ணுக்கு முன்னால் போய் நிற்கும் ‘பிஃபோர்’ இங்கே வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் நம்மைக் கைவிடுகிறது. “ரெண்டு வருஷமா இங்க வேலை பாக்கறேன்” என்பதில் வினை நிகழ்காலம். அதை அப்படியே பெயர்த்து ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்கிறோம். ஆங்கிலத்துக்கு ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். அதைவிடக் கவனம் தேவைப்படுவது இறந்தகாலம். ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று சொன்னால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றே புரிந்துகொள்வார்கள். இன்னும் அங்கேயே வேலையில் இருக்கும் ஒருவர் நேர்காணலில் இப்படிச் சொல்லிவிட்டு, ‘ஏன் விட்டீர்கள்?’ என்ற அடுத்த கேள்விக்குத் திகைத்து நின்றது எனக்குத் தெரியும்.

‘க்குள்’ என்ற உருபிலும் ஒரு முடிச்சு. “ரெண்டு நாளுக்குள்ள”, “வெள்ளிக்கிழமைக்குள்ள” இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘க்குள்’. ஆங்கிலம் இதைப் பிரித்துவிடும். நாட்களின் எண்ணிக்கை என்றால் ‘வித்இன் டூ டேஸ்’. நாளின் பெயரோ தேதியோ என்றால் ‘பை ஃப்ரைடே’. வெள்ளி ‘வரை’ என்றால்தான் ‘டில் ஃப்ரைடே’. ‘ஐ நீட் இட் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியன்று வேலை முடிந்து கையில் இருக்க வேண்டும். வெள்ளி வரை செய்துகொண்டிருக்கலாம் என்பதல்ல. ‘இன் டூ டேஸ்’ என்பது இன்னொன்று. அது இரண்டு நாளின் முடிவில், அதாவது நாளை மறுநாள்.

ஒரு கேள்வி, மூன்று பொருள்

தமிழில் கேள்வியிலேயே அலகு இருக்கும். எவ்வளவு நேரம், எத்தனை நாள், எவ்வளவு நீளம் என்று கேட்பவரே பிரித்துக் கேட்டுவிடுகிறார். ஆங்கிலத்தின் ‘ஹவ் லாங்’ எதையும் சொல்லாது. மேசையைப் பற்றிக் கேட்டால் நீளம், படத்தைப் பற்றிக் கேட்டால் நேரம். கடை வரிசையில் நிற்கும்போது ‘ஹவ் லாங் ஹாவ் யூ பீன் ஹியர்?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் ‘பத்து நிமிடமாக’ என்பது விடை. விருந்தில் அதே கேள்வியை ஒருவர் கேட்டால் ‘நான்கு ஆண்டாக’ என்பது விடை. இடத்தைப் பார்த்துத்தான் அலகைத் தேர வேண்டும்.

விமான நிலையத்தில் வேறொரு வடிவம் வரும்: ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ கேட்கும் காதுக்கு முந்தைய கேள்வியைப் போலவே இருக்கும். ஆனால் அது முன்னோக்கிய கேள்வி. மொத்தம் எவ்வளவு நாள் தங்கப் போகிறீர்கள் என்று குடியேற்ற அதிகாரி கேட்கிறார். மகளின் பிரசவத்துக்காக ஐந்து மாதம் தங்க வந்த ஒரு அம்மா, அப்போதுதான் இறங்கினோம் என்ற நினைப்பில் ‘ஒன் அவர்’ என்று பதில் சொன்னார். அதிகாரி புன்னகைத்துவிட்டுக் கேள்வியை மாற்றிக் கேட்டார், நல்லவேளை. பெற்றோரை அழைப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது அவர்களோடு வீட்டில் பழகிப் பாருங்கள். ‘ஹாவ் யூ பீன்’ என்று வந்தால் இதுவரை. ‘ஆர் யூ... ஃபார்’ என்று வந்தால் இனிமேல் போகும் வரை.

‘ஆஸ் லாங் ஆஸ்’ என்பதில் நீளமும் இல்லை, பல நேரம் காலமும் இல்லை. ‘யூ கேன் கீப் எ கேட் ஆஸ் லாங் ஆஸ் யூ ஆஸ்க் ஃபர்ஸ்ட்’ என்று வீட்டுக்காரர் எழுதினால், முதலில் கேட்டால் மட்டுமே பூனை வளர்க்கலாம் என்ற நிபந்தனை. ஒப்பந்தத் தாளில் இந்தச் சொல்லைக் கண்டால் விரலை வைத்து நிறுத்திப் படியுங்கள்.

கடிகாரமும் நாட்காட்டியும் பேசும்போது

இனி இரண்டாம் வகை, அளந்து சொல்லும் சொற்கள். இவற்றில் பிசகினால் நட்டம்.

‘ஃபோர்ட்நைட்’ என்றால் சரியாக இரண்டு வாரம். பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவு’ என்ற தொடர் சுருங்கி வந்த சொல். ஜெர்மானிய மக்கள் பகலை விட்டு இரவுகளால் நாள் எண்ணுகிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கின் எச்சம் இது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அன்றாடச் சொல். அமெரிக்கரிடம் சொன்னால் புருவம் உயரும், ‘டூ வீக்ஸ்’ என்று விடுங்கள். ‘பைவீக்லி’ என்ற சொல்லை மட்டும் எங்குமே பயன்படுத்தாதீர்கள். வாரம் இருமுறை என்றும் இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் அகராதியே இரண்டு பொருளையும் தருகிறது.

வாடகை விளம்பரங்களில் ‘பி.சி.எம்.’ என்றிருந்தால் நாட்காட்டி மாதத்துக்கு வாடகை. சில வீடுகளுக்கு வார வாடகை போட்டிருப்பார்கள். வாரம் 150 பவுண்டு என்றால் நான்கால் பெருக்கி மாதம் 600 என்று நம்மவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். 150ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 650 பவுண்டு. அந்த ஐம்பது பவுண்டு சம்பளத்தில் துண்டு விழும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. ‘வொர்க்கிங் டேஸ்’ என்று எங்கு கண்டாலும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

‘ஹாஃப் செவன்’ என்று பிரிட்டிஷார் சொன்னால் ஏழரை. நாம் ஏழை முதலில் வைத்து அரையைச் சேர்ப்பதுபோலத்தான் கணக்கு, ஆகவே நமக்கு இது எளிது. ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள்தான் தடுமாறுவார்கள், அங்கே ‘பாதி ஏழு’ என்றால் ஆறரை. அமெரிக்கர் ‘எ குவார்ட்டர் ஆஃப் ஃபைவ்’ என்றால் நாலே முக்கால்.

கிழமைகளுக்கு வருவோம். திங்களன்று ஒருவர் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்கிறார். நான்கு நாளில் வரும் வெள்ளியா, அதற்கு அடுத்ததா? ஒரே வீட்டில் பிறந்த இரண்டு ஆங்கிலேயர்கள் இதற்கு இரண்டு விடை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘ஃப்ரைடே வீக்’ என்ற பிரிட்டிஷ் வழக்கு மட்டும் தெளிவானது: வரும் வெள்ளியிலிருந்து ஒரு வாரம் கழித்து.

கூட்டத்தை மாற்றுவது இதைவிடச் சிக்கல். ‘புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ஃபார்வர்டு மாற்றப்பட்டது’ என்றால் புதிய கிழமை எது? திங்களா, வெள்ளியா? இந்தக் கேள்வியை உளவியலாளர்கள் ஆய்வாகவே நடத்தியிருக்கிறார்கள். லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், விமான நிலையத்திலும் ரயிலிலும் இருந்தவர்களிடம் இதைக் கேட்டார்கள். ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விமானத்தில் பயணம் செய்து அப்போதுதான் இறங்கியவர்கள், யாரையோ வரவேற்கக் காத்திருந்தவர்களைவிட அதிகமாக வெள்ளி என்றார்கள். உடல் முன்னோக்கி நகர்ந்த நினைவில் கூட்டமும் முன்னோக்கி நகர்கிறது. காலம் நம்மை நோக்கி வருவதாக எண்ணுபவருக்கோ அது திங்களுக்கு வந்துவிடுகிறது. அவர்களுக்கே உறுதியில்லாத சொல்லில் நாம் ஏன் நம் நாளைப் பணயம் வைக்க வேண்டும்? மின்னஞ்சலில் தேதியை எழுதுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 3/4 என்று எழுதினால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

நம் ஊர் ஆங்கிலத்தின் ‘ப்ரீபோன்’ நல்ல சொல், தேவையைப் பார்த்துப் பிறந்த சொல். ஆனால் பிரிட்டனில் பலருக்கு அது தெரியாது. அங்கே ‘பிரிங் ஃபார்வர்டு’ என்றால் முன்கூட்டி வைப்பது, ‘புட் பேக்’ என்றால் தள்ளி வைப்பது.

தூரத்தை நேரத்தால் அளப்பவர்கள்

‘ஹவ் ஃபார் இஸ் இட்?’ என்று கேட்டால் ‘டென் மினிட்ஸ்’ என்று பதில் வரும். தூரத்தைக் கேட்டவருக்கு நேரத்தைத் தருகிறார்கள். நடந்தா, காரிலா என்பதைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள்: ‘வாக்கிங் ஆர் டிரைவிங்?’ அமெரிக்கச் சிற்றூர்களில் கேட்காமலே காரில் என்று வைத்துக்கொள்வார்கள். பெருநகரத்தில் ‘பிளாக்’ கணக்கு: மன்ஹாட்டனில் தெற்கு வடக்காக நடந்தால் ஏறக்குறைய இருபது பிளாக் ஒரு மைல். கிழக்கு மேற்கு பிளாக்குகள் இதைவிட நீளமானவை, அந்தக் கணக்கு அங்கே செல்லாது.

பிரிட்டனில் சாலைப் பலகைகள் மைலிலும் யார்டிலும் இருக்கும். 1959 உடன்படிக்கைப்படி ஒரு யார்டு என்பது 0.9144 மீட்டர், எனவே ‘200 யார்ட்ஸ்’ என்ற பலகையைக் கண்டால் 200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று ஓட்டலாம். மைல் 1.6 கிலோமீட்டர். பெட்ரோலோ லிட்டரில்தான்.

‘எ ஸ்டோன்ஸ் த்ரோ’ என்பது நம் கல்லெறி தூரம், கூப்பிடு தூரத்துக்கு ‘வித்இன் இயர்ஷாட்’. வீட்டுத் தரகர் சொல்லும்போது இரண்டையும் நடந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பிரிட்டிஷார் குறைத்துச் சொல்பவர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். ‘இட்ஸ் எ பிட் ஆஃப் எ வாக்’ என்று முகத்தைச் சுளித்தபடி சொன்னால் அது கொஞ்ச தூரமல்ல, பேருந்து பிடியுங்கள். நீச்சல் குளத்தில் ‘ட்வென்டி லெங்த்ஸ்’ என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இருபது முறை.

எழுதும்போது ஒன்று. ‘டென் ருபீஸ் நோட்’, ‘எ டூ வீக்ஸ் ஹாலிடே’ என்று நம்மவர்கள் எழுதுகிறார்கள். ‘டென் ருபீ நோட்’, ‘எ டூ வீக் ஹாலிடே’ என்பதே வழக்கு. இங்கும் தமிழை நம்பினால் போதும். பத்து ரூபாய் நோட்டு, இரண்டு வார விடுமுறை, ஆறடி ஆள் என்கிறோம். ‘பத்து ரூபாய்கள் நோட்டு’ என்று யாரும் சொல்வதில்லை.

மருத்துவர் அறையில்

இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்பார், மூன்றும் காலத்தைப் பற்றியவை. ‘ஹவ் லாங் ஹாவ் யூ ஹாட் திஸ்?’ எப்போது தொடங்கியது? ‘ஹவ் லாங் டஸ் இட் லாஸ்ட்?’ ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ‘ஹவ் ஆஃபன்?’ எத்தனை முறை வருகிறது? முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு தெரியாமல் ‘டூ டேஸ்’ என்று இரண்டுக்கும் பதில் சொன்னால், இரண்டு நாளாக இடைவிடாமல் வலிப்பதாக மருத்துவர் எடுத்துக்கொள்வார். சிகிச்சையின் அவசரமே மாறிவிடும். விட்டு விட்டு வலித்தால் ‘ஆன் அண்ட் ஆஃப்’ என்று சொல்லுங்கள். ‘ஃபார் எ வைல்’, ‘சம்டைம்ஸ்’ போன்ற சொற்களை அந்த அறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

என் அம்மா ஷெஃபீல்டுக்கு வந்திருந்தபோது நெஞ்சுப் பக்கம் ஒரு வலி என்றார். உடனே அழைத்துப் போனேன், நான்தான் மொழிபெயர்ப்பு. எத்தனை நாளாக என்பதற்கு நாலு நாளாக என்றார், சொன்னேன். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று மருத்துவர் கேட்டார். “ஏண்டா, ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற நேரம் இருக்கும்” என்றார் அம்மா. எனக்கு ஆங்கிலம் ஓடவில்லை. ‘நாட் வெரி லாங்’ என்றேன். மருத்துவர் பேனாவை எடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எ ஃபியூ மினிட்ஸ்?’ என்றேன். இரண்டா, இருபதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இதயத் துடிப்பைப் பதிவு செய்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்த நேரத்தைக் கவனித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது மறுபடி பார்த்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து, ‘அபவுட் ட்வெல்வ் மினிட்ஸ், த்ரீ டைம்ஸ் எ டே, ஃபார் ஃபோர் டேஸ்’ என்று சொன்னேன். எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.